மருத்துவர் பதில்: நான்கரை வயது மகன் தானே எடுத்துத் தின்கிறான், விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். மகளுக்கு ஒன்றே முக்கால். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். மகன் பன்னிரண்டரைக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் அவனே ஃபிரிட்ஜைத் திறந்து பாலில் சாக்லேட் பவுடரைக் கலந்து குடிக்கிறான். டப்பாவிலிருந்து பிஸ்கட், மிக்சர் எடுத்துக்கொள்கிறான். தங்கைக்கும் அவனே கொடுக்கிறான். ஒரு நாளைக்குப் பால் மட்டும் நான்கைந்து டம்ளர் ஆகிவிடுகிறது, இடையில் ஜூஸ் வேறு. தன் வேலையைத் தானே செய்கிறானே என்று எனக்குப் பெருமைதான். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் சாப்பிட உட்காரும்போது சோற்றைத் தொடுவதில்லை. 'கேட்டு வாங்கித்தான் தின்ன வேண்டும், எல்லாவற்றையும் பூட்டி வை' என்கிறார் மாமியார். பூட்டிவிடலாமா?

- வாசகி, கரூர்

பதில்: பூட்ட வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த மிக்சர் டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது மதியச் சோறு அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் 'தங்கைக்கும் அவனே கொடுக்கிறான்' என்ற வரிதான். சாப்பாட்டுப் பழக்கத்தை இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு நிதானமாக மாற்றலாம். இதைத் தள்ளிப்போட முடியாது.

ஒன்றே முக்கால் வயதில் குழந்தைக்குக் கடிக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. கடைசிக் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதை ஒட்டித்தான் முளைக்கத் தொடங்கும். ஒரு கடலையை முன்பல்லால் இரண்டாக உடைத்துவிட்டு அப்படியே விழுங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் அண்ணன் சிரிப்பு மூட்டினாலோ, எழுந்து ஓடினாலோ, உள்ளிழுக்கும் மூச்சோடு கடலையும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து கருவி செலுத்தி எடுக்கப்படும் பொருட்களில் நிலக்கடலைதான் முன்னால் நிற்கிறது. சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, பொட்டுக்கடலை எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. முழுத் திராட்சை, பாப்கார்ன், ஜெல்லி மிட்டாய், உருண்டையான கெட்டி மிட்டாய், பச்சைக் காரட் துண்டு ஆகியவையும் ஆபத்தானவையே. இவற்றை ஐந்து வயது முடியும்வரை முழுதாகக் கொடுக்காமல் இருப்பது நல்லது. உங்கள் மகனுக்கே இன்னும் ஐந்து ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். கடலை கொடுக்க வேண்டுமென்றால் பொடித்து, சாதத்திலோ உருண்டையிலோ சேர்த்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

மகனைத் திட்டிவிடாதீர்கள். பாசத்தில் செய்கிறான். 'பாப்பாவுக்கு எது கொடுப்பதாக இருந்தாலும் அம்மாவிடம் காட்டிவிட்டுக் கொடு' என்று சொல்லிவையுங்கள், ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நான்கரை வயதில் விளையாட்டு மும்முரத்தில் எந்த விதியும் மறந்துபோகும். உங்கள் வீட்டில் அவன் கைக்கு எட்டுவது எல்லாமே அவளுடைய வாய்க்கும் எட்டும். ஆகவே கீழ்த்தட்டில் என்ன வைக்கலாம் என்பதை அவன் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவள் வயதை வைத்து முடிவு செய்யுங்கள்.

புரை ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பகலில் கூட இருக்கும் உங்கள் மாமியாரும், தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும், அதுவே சிறந்த வைத்தியம். சத்தம் வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாரித்தால் உடனே குழந்தையை முன்னால் கவிழ்த்துப் பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால் பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, நடு மார்பில்தான் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவி எடுக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும். இன்னொன்றும் உண்டு. புரை ஏறிய பிறகு குழந்தை தேறி, சில மணி நேரம் ஒன்றும் இல்லாததுபோல் விளையாடும். பிறகு விடாத இருமலோ இழுப்போ வரும். 'கடலை தின்னும்போது புரை ஏறியது' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சரியாக இருக்கிறது என்பதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

பாட்டிலைத் திறந்து குடிக்கக் கற்ற கைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தெருவில் விற்கும் ஃபினாயிலையும் ஆசிட்டையும் பழைய தண்ணீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் வாங்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெயும் தின்னரும் அப்படியே. அந்தப் பாட்டிலைக் குழந்தை தண்ணீர் என்றே நினைக்கும். இன்றே அவற்றை வெளியேற்றுங்கள், அல்லது பூட்டுங்கள். நீங்கள் கேட்ட பூட்டு உண்மையில் இங்கேதான் தேவைப்படுகிறது. பெரியவர்களின் சர்க்கரை நோய் மாத்திரை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை ஃபிரிட்ஜின் மேலும் சாப்பாட்டு மேசையிலும் கிடக்கக் கூடாது. சில வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெற்றிலை போடுபவர் வீட்டில் இருந்தால் சுண்ணாம்புப் பாக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை அதை அழுத்தும்போது பீறிட்டுக் கண்ணில் அடித்தால் பார்வையே போகக்கூடும். உடனே குழாய்த் தண்ணீரில் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் பெருமை நியாயமானது. நான்கு வயதில் ஒரு குழந்தை, பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க, தானே உணவை எடுத்துப் போட்டுக்கொள்வதும் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் வளர்ச்சி சரியாக நடக்கிறது என்பதற்கான அடையாளங்களில் ஒன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிடும் வளர்ச்சிப் பட்டியலில் இது நான்கு வயதுக்கு உரியதாகவே இருக்கிறது. பசிக்கிறது என்று உணர்ந்து, எழுந்து போய், அளவாக எடுத்து, போதும் என்று நிறுத்துவது பெரிய பாடம். தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி ஊட்டும் வீடுகளில் பல குழந்தைகளுக்கு அது கிடைப்பதே இல்லை.

ஆனால் எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. என்ன இருக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பவை உங்கள் வேலை. வைத்ததில் எதைத் தின்பது, எவ்வளவு தின்பது என்பது அவனுடையது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பிரிவினை இது. குழந்தை மருத்துவத்தில் பல ஆண்டுகளாக இதைப் பின்பற்றுகிறோம். உங்கள் வீட்டில் இரண்டு வேலைகளும் அவனிடமே போய்விட்டன. நாள் முழுவதும் பந்தி நடந்துகொண்டிருக்கும் வீட்டில் பசி எப்படி எடுக்கும்?

மதியச் சோற்றுக்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவன் பன்னிரண்டரைக்கு வருகிறான். நீங்கள் சாப்பிடுவது இரண்டு மணிக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனுக்கு நல்ல பசி. அந்தப் பசியை ஒரு டம்ளர் சாக்லேட் பாலும் ஐந்து பிஸ்கட்டும் தீர்த்துவிடுகின்றன. அவன் சோற்றை வெறுக்கவில்லை, சோறுதான் தாமதமாக வருகிறது. நாளை முதல் கைகால் கழுவியதும் பருப்புச் சாதமோ தயிர்ச் சாதமோ அவன் தட்டில் இருக்கட்டும். நீங்கள் இரண்டு மணிக்குச் சாப்பிடும்போது கூடவே உட்கார்ந்து ஒரு கொய்யாத் துண்டைக் கடிக்கட்டும். இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று நம்புகிறேன்.

பாலைக் குறைத்தாக வேண்டும். இந்த வயதில் நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் வயிறு நிறையும், சத்து நிறையாது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதில் உள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. 'பாலாவது குடிக்கிறானே' என்று நாம் ஆறுதல் அடையும் இடத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது. சாக்லேட் பவுடரை நிறுத்துங்கள். இத்தகைய பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அட்டைப்பெட்டி ஜூஸை வீட்டுக்கே வாங்காதீர்கள். பழத்தைப் பழமாகவே தின்னட்டும்.

பல்லுக்கும் இது பொருந்தும். இனிப்போ பிஸ்கட்டோ வாயில் பட்டதும் பல்லில் உள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஒரு நாளில் எவ்வளவு தின்கிறான் என்பதைவிட எத்தனை முறை தின்கிறான் என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது.

மாமியார் சொல்வதில் பாதி சரி. நேரம் காலம் இல்லாமல் தின்னக் கூடாது என்பது சரி. கண்ணெதிரே வைத்துப் பூட்டுவதுதான் வேண்டாம் என்கிறேன். பிடித்த பண்டத்தைக் காட்டித் தடுத்தால் அதன் மேல் குழந்தைக்கு ஆசை கூடுகிறது என்பதை ஜெனிஃபர் ஃபிஷர், லியான் பிர்ச் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் சோதித்துக் காட்டினார்கள். மிக்சரும் கிரீம் பிஸ்கட்டும் வீட்டில் இல்லையென்றால் பூட்டுக்கு வேலை இல்லை. மாமியாருக்குத் தொட்டுக்கொள்ள மிக்சர் வேண்டுமென்றால் அது அவர் அறையின் மேல்தட்டில் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு சிறு எவர்சில்வர் டப்பா வையுங்கள். காலையில் அதில் நீங்களே அன்றைய பண்டத்தை, இருவருக்கும் தகுந்ததாக, இரண்டே வகை போடுங்கள். ஒரு நாள் மசித்துப் பிடித்த சுண்டலும் வாழைப்பழமும், இன்னொரு நாள் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சையும், அல்லது இட்லித் துண்டுகளும் மெல்லியதாகச் சீவிய கொய்யாவும். மாலை நான்கு மணிக்கு அந்த டப்பாவை அவன் போய் எடுக்கலாம், இரண்டில் எது என்று அவனே தேர்ந்தெடுக்கலாம், தன் தட்டில் அவனே போட்டுக்கொள்ளலாம். டப்பா காலியானால் இரவுச் சாப்பாடுதான். தண்ணீருக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு வேண்டாம். குழாய் வைத்த மண்பானை ஒன்றைத் தாழ்வாக வைத்து, அவன் டம்ளரையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கொட்டினால் துடைக்க ஒரு துணி போதும், அதை அவனே செய்வான். அடுப்பும் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கும் எந்த வயதிலும் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. சூடான சாம்பார்ப் பாத்திரத்தைத் தரையில் இறக்கிவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

உட்கார்ந்துதான் தின்ன வேண்டும், கையில் பண்டத்தோடு நடக்கக் கூடாது. இந்த விதியைப் பாட்டியும் சேர்ந்து சொல்லட்டும். முதல் மூன்று நான்கு நாட்கள் அழுவான். 'நான்கு மணிக்கு டப்பா, இப்போது தண்ணீர் இருக்கிறது' என்று அமைதியாக ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒருவர் மறுத்து இன்னொருவர் ரகசியமாகக் கொடுத்தால் அழுகை வாரக்கணக்கில் நீளும்.

இத்தனை நாள் பாலிலேயே ஓடியிருப்பதால் அவனுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள், எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மருந்தை உங்கள் குழந்தை மருத்துவர் எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார். அந்த மருந்தைப் பாலோடு கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள்.