கிரீன் டேயின் 19 பாட்டு சிடி போலி இல்லை, தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க பங்க் ராக் குழுவான கிரீன் டேயின் முதல் ஆல்பத்தில் 10 பாட்டுதானே, என் சிடியில் 19 இருக்கிறதே, டிரம்ஸ் வேறு யாரோ அடிப்பதுபோல் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அது 1991-இல் லுக்அவுட் என்ற சின்ன இசை நிறுவனம் வெளியிட்ட '1,039/ஸ்மூத்ட் அவுட் ஸ்லாப்பி அவர்ஸ்' என்ற தொகுப்பு: '39/ஸ்மூத்' ஆல்பத்தின் 10, '1,000 அவர்ஸ்', 'ஸ்லாப்பி' என்ற இரண்டு சின்ன இசைத்தட்டுகளிலிருந்து (இ.பி.) நாலு நாலு, அப்புறம் வேறொரு கதம்பத் தொகுப்புக்குக் கொடுத்த ஒரு பாட்டு. பெயரையும் அந்த ஆல்பம், இரண்டு இசைத்தட்டுகள் ஆகிய மூன்றின் பெயர்களையும் கலந்துதான் வைத்தார்கள்.

டிரம்ஸ் ஜான் கிஃப்மேயர். எல்லோருக்கும் தெரிந்த டிரம்மர் ட்ரே கூல் அதற்குப் பிறகுதான் வந்தார். 1989 கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் சொற்பக் காசில் '39/ஸ்மூத்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பாடகர் பில்லி ஜோவுக்கும் பேஸ் கிட்டார் மைக்குக்கும் 17 வயதுதான், அந்தப் பச்சையான, அவசரமான ஒலிக்காகவே எனக்கு இது அவர்களின் பிரபல ஆல்பம் 'டூக்கி'யைவிடப் பிடிக்கும்.

உறையில் லுக்அவுட்டுக்குப் பதில் ரிப்ரைஸ் என்ற பெரிய இசை நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ராயல்டி பாக்கி விவகாரத்தில் 2005-இல் பழைய ஆல்பங்களை லுக்அவுட்டிடமிருந்து குழுவினர் திரும்பப் பெற்றுவிட்டார்கள், பிறகு ரிப்ரைஸ்தான் மறுபதிப்பு போட்டது. அதற்குப் பல வருடம் முன்பே, அதே ரிப்ரைஸோடு ஒப்பந்தம் போட்டதால்தான், பெர்க்லியில் அவர்களை வளர்த்த 924 கில்மன் அரங்கில், பெரிய நிறுவனக் குழுக்களுக்கு இடமில்லை என்ற விதிப்படி, இவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது.

அடுத்து அவர்களின் இரண்டாவது ஆல்பம் 'கெர்பிளங்க்' கேளுங்கள். சிடியில் கடைசி நாலு பாட்டில் மறுபடி கிஃப்மேயர்தான் அடிப்பார், வித்தியாசம் உடனே தெரியும்.