எண்ணெய்க் கசிவைத் தடுக்க எந்த மிதக்கும் தடுப்பு வாங்குவது?

கேள்வி கேட்டவர் கழிமுகத்தில் உள்ள ஒரு சிறிய படகுத்துறையைப் பார்த்துக்கொள்பவர். டீசலும் பர்னஸ் ஆயிலும் கையாளும் இடம், ஓதம் ஏறி இறங்கும் தண்ணீர். மூன்று கம்பெனிகளின் விவரத்தாள்களை வைத்துக்கொண்டு, "இதில் எந்த பூம் நல்லது, ஸ்கர்ட் ஆழமாக இருந்தால் பாதுகாப்பு அதிகம்தானே?" என்று கேட்டிருக்கிறார். பூம் என்பது தண்ணீரில் மிதந்து எண்ணெயை மறிக்கும் நீளமான தடுப்பு, ஸ்கர்ட் என்பது அதன் மிதவைக்குக் கீழே தண்ணீருக்குள் தொங்கும் பகுதி.

இல்லை. ஆழமான ஸ்கர்ட் வாங்கி அடி பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். விவரத்தாள்களை மூடி வைத்துவிட்டு, ஒரு மரத்துண்டும் கையில் கடிகாரமுமாகத் துறைக்குப் போங்கள். கரையோரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு குறி வையுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, ஓதம் வேகமாக ஏறும் நேரத்திலும் வடியும் நேரத்திலும் மரத்துண்டை மிதக்கவிட்டு, அந்த 10 மீட்டரைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 28 வினாடிக்குக் குறைந்தால், நீரோட்டத்துக்கு நேர்க்குறுக்கே கட்டப்படும் எந்த பூமும் எண்ணெயை நிறுத்தாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி.

அந்த 28 வினாடி என்பது சுமார் 0.7 நாட் வேகம் (1 நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்). அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதைப் படகிலிருந்து குனிந்து பார்த்திருக்கிறேன். தடுப்பின் முன்பக்கம் எண்ணெய் அழகாகத் திரண்டு நிற்கும், வேலை நடக்கிறது என்று மனசு குளிரும். திரும்பிப் பின்பக்கம் பார்த்தால், ஸ்கர்ட்டுக்கு இரண்டடி தள்ளி, கடுகு கடுகாகக் கரும்புள்ளிகள் மேலே வந்து, ஒவ்வொன்றும் சட்டென்று விரிந்து வானவில் நிறமாகிக்கொண்டிருக்கும். தேங்கி நிற்கும் எண்ணெயின் அடிப்பக்கத்தை ஓட்டம் சீவிக்கொண்டு போய், துளித்துளியாக ஸ்கர்ட்டுக்கு அடியில் நழுவவிடுகிறது. ஸ்கர்ட்டை இன்னும் அரை மீட்டர் இறக்கினாலும் இது பெரிதாக நிற்காது. தண்ணீர் ஆழம் குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்கர்ட்டுக்கும் தரைக்கும் நடுவில் இடம் குறுகக் குறுக, அந்த இடுக்கில் ஓட்டத்தின் வேகம் கூடும், எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் என்னதான் வழி என்றால், சாய்த்துக் கட்டுவது. குறுக்கே மறிக்காமல், ஓட்டத்துக்குச் சாய்வாகப் போட்டு எண்ணெயைக் கரையோரம் ஓட்டம் குறைந்த ஒரு மூலைக்குத் தள்ளி, அங்கே ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி) வைத்து அள்ளுவது. 1 நாட் ஓட்டத்தில் பூமுக்கும் ஓட்டத்தின் திசைக்கும் நடுவில் உள்ள கோணம் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 2 நாட் என்றால் 20 டிகிரி, 3 நாட் என்றால் 13 டிகிரிதான். கோணம் சிறுக்கச் சிறுக்க, அதே அகலத்தை அடைக்க நீளமான பூம் தேவைப்படும். 20 டிகிரியில் கட்டினால் குறுக்கே அடைப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் வேண்டும். அதனால் ஸ்கர்ட் ஆழத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை நீளத்துக்குக் கொடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். 60 மீட்டர் பூம், 0.9 மீட்டர் ஸ்கர்ட். விற்க வந்தவர் தாளைக் காட்டினார், நாங்களும் தலையாட்டினோம். பூம் மேல் விழும் இழுவையைத் தோராயமாகக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: தண்ணீருக்குள் இருக்கும் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, ஓட்ட வேகத்தின் வர்க்கத்தால் (நாட் கணக்கில்) பெருக்கி, மறுபடி 100ஆல் பெருக்கினால் கிலோ கணக்கில் விசை கிடைக்கும். எங்கள் பூமுக்குப் பரப்பு 54 சதுர மீட்டர். 1 நாட் ஓட்டத்தில் 5,400 கிலோ. பௌர்ணமி ஓதத்தில் 1.5 நாட் வரும்போது 12 டன்னைத் தாண்டும். சேற்றில் போட்டிருந்த நங்கூரங்கள் ஒவ்வொன்றும் சில நூறு கிலோ இழுவையைத்தான் தாங்கும். இந்தக் கணக்கை வாங்கிய பிறகுதான் போட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி நாளில் நங்கூரம் ஒவ்வொன்றாகச் சேற்றைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. ஸ்கர்ட் பாயைப் போலத் தண்ணீரோடு படுத்துக்கொண்டது. முழு பூமும் வளைந்து போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றது. நல்லவேளை, அன்று தண்ணீரில் எண்ணெய் இல்லை.

காற்றையும் மறக்க வேண்டாம். தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதிக்கும் அதே சூத்திரம்தான், காற்றின் வேகத்தை 40ஆல் வகுத்துப் போட வேண்டும். ஓட்டத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும் நாளில் நங்கூரத்துக்கு அது தெரியும்.

சரி, வகைகள். வேலி போல விறைப்பாக நிற்கும் பூம் ஒன்று, திரை போலத் தொங்கும் பூம் ஒன்று. வேலி வகையில் தட்டையான மிதவைகள் இருக்கும். சுருட்டி வைக்க வசதி, விலை குறைவு, அமைதியான தண்ணீரில் நன்றாக உழைக்கும். அலை வந்தால் அதனால் கூடவே ஏறி இறங்க முடியாது, எண்ணெய் மேலே தெறித்துத் தாண்டிவிடும். திரை வகையில் உருண்டையான மிதவை, நுரை அடைத்ததோ காற்று நிரப்புவதோ. இது அலையோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். காற்று நிரப்புவது குறைந்த இடத்தில் அடங்கும், நன்றாக மிதக்கும், ஆனால் ஊதுவதற்கு ஆளும் இயந்திரமும் நேரமும் வேண்டும், ஓட்டை விழுந்தால் அந்த இடம் அமுங்கும். இருட்டில் இரண்டே பேர் இறக்க வேண்டிய இடமென்றால் நான் நுரை அடைத்ததைத்தான் எடுப்பேன்.

விவரத்தாளில் பலர் பார்க்காத ஒரு எண், மிதப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம். அமைதியான நீருக்கு 3:1, ஒதுக்கமான நீருக்கு 4:1, திறந்த கடலுக்கு 8:1 என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சம். இந்த எண்ணைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அடுத்து, இழுவையை எது தாங்குகிறது என்று கேளுங்கள். அடியில் ஓடும் சங்கிலியோ கம்பி வடமோ தாங்க வேண்டும், துணி தாங்கக் கூடாது. இணைப்புகளைக் கையால் பூட்டித் திறந்து பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு, முடிந்தால் கை முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு. ஏற்கெனவே பக்கத்துத் துறையில் இருக்கும் பூமோடு அது பொருந்துமா என்றும் பாருங்கள். பொருந்தாத இரண்டு இணைப்புகளைக் கயிறு போட்டுக் கட்டினால் நடுவில் ஒரு வாசல் திறந்திருக்கும்.

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல், ஓதம் வடிந்ததும் சேறு வெளியே தெரியும். சாதாரண பூம் அங்கே சாய்ந்து படுத்து, அடியில் வழி விட்டுவிடும். கரையோடு ஒட்டும் பகுதிக்கு மட்டும் கரை அடைப்பு பூம் ஒரு துண்டு வாங்குங்கள். கீழே இரண்டு குழாய்களில் தண்ணீர், மேலே ஒன்றில் காற்று. தண்ணீர் ஏறும்போது மிதக்கும், இறங்கும்போது சேற்றில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். துறைச் சுவரில் கட்டும் முனைக்கு, ஓதத்தோடு ஏறி இறங்கும் சறுக்குப் பிடி வேண்டும். இல்லாவிட்டால் பூம் அந்தரத்தில் தொங்கும்.

உறிஞ்சும் பூம், அந்த வெள்ளைத் தலையணை மாதிரி இருப்பது, தடுப்பே அல்ல. மெல்லிய படலத்தைத் துடைக்க, பிரதான தடுப்புக்குப் பின்னால் போடலாம். கெட்டியான பர்னஸ் ஆயில் அதற்குள் ஏறாது, மேலே அப்பிக்கொள்ளும். 2020இல் மொரீஷியஸில் வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் வெளியேறியபோது மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்துத் தடுப்பு செய்தார்கள். கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் மரியாதைக்குரிய வேலை அது. வாங்குவதற்கு நேரம் இருக்கிற நீங்கள் அந்த நிலைக்குப் போக வேண்டியதில்லை.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: பெட்ரோல் கொட்டினால் பூம் போட்டுச் சேர்த்து வைக்காதீர்கள். ஆவி ஒரே இடத்தில் திரண்டு தீப்பிடிக்கும். பரவி ஆவியாக விட்டுவிட்டு ஆட்களை விலக்குவதுதான் வேலை. டீசலுக்கு அந்த அபாயம் குறைவு, ஆனால் அது மெல்லியதாக வேகமாகப் பரவும், அதனால் கசிந்த பிறகு ஓடிப்போய் எடுப்பதைவிட எண்ணெய் ஏற்றும் முன்பே சுற்றிப் போட்டுவிடுவது நல்லது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் எடுப்பது: நுரை மிதவையுள்ள திரை வகை, ஸ்கர்ட் 0.4 முதல் 0.5 மீட்டருக்குள், நீளம் தாராளமாக, கூடவே கரை அடைப்புத் துண்டு ஒன்று. நங்கூரத்தை நம்பாமல், சாய்வுக் கோணத்துக்கு ஏற்றபடி கரையில் நிரந்தரமான கட்டும் இடங்களை முதலிலேயே போட்டு வைப்பேன். இது 1 நாட் வரைக்குமான யோசனை. மரத்துண்டு 20 வினாடிக்குள் ஓடிவிட்டால் எண்ணிக்கையைக் கருத்துப் பகுதியில் போடுங்கள், கழிமுகத்தின் அகலத்தையும் சேர்த்து. நீளத்தை மறுபடி கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.