ஆறு புள்ளி பின்தங்கிய அணிக்கு பிளேஆஃப் வாய்ப்பு உண்டா?

கேள்வி: நான் ஆதரிக்கும் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி 60 ஆட்டங்களில் 62 புள்ளி எடுத்திருக்கிறது. பிளேஆஃபுக்குள் நுழையக் கடைசி வழியான வைல்ட் கார்ட் இடத்தில் இருக்கும் அணிக்கு 68. நடுவில் இன்னும் இரண்டு அணிகள். மிச்சம் 22 ஆட்டம் இருக்கும்போது 6 புள்ளி பெரிய இடைவெளியா?

பதில்: பெரிய இடைவெளிதான். 6 புள்ளி என்றால் மூன்று வெற்றிதானே என்று தோன்றும், ஆனால் மேலே இருப்பவர்களும் ஆடிக்கொண்டேதான் இருப்பார்கள். 68 எடுத்த அணி இதே வேகத்தில் போனால் 93 வாக்கில் முடிக்கும். அதைத் தொட உங்களுக்கு 31 புள்ளி வேண்டும், அதாவது 14 வெற்றி, 5 தோல்வி, ஓவர்டைமில் (60 நிமிடத்தில் சமமானால் ஆடும் கூடுதல் நேரம்) 3 தோல்வி. இதுவரை ஆடிய வேகத்தில் போனால் கிடைக்கப்போவது 23 தான்.

இதில் நிறைய பேர் மறந்துவிடுவது ஓவர்டைமில் தோற்றவருக்குக் கிடைக்கும் அந்த 1 புள்ளியை. உங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு அணிகள் ஒன்றோடொன்று மோதி ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனால் இரண்டு பேருக்குமே புள்ளி ஏறும், நீங்கள் அன்று ஆடாமலேயே பின்தங்குவீர்கள். அதனால் பட்டியலில் புள்ளியை மட்டும் பார்க்காமல், 60 நிமிடத்துக்குள் ஜெயித்த ஆட்டங்கள் எத்தனை என்ற கட்டத்தையும் பாருங்கள்; புள்ளி சமமானால் அதை வைத்துத்தான் முடிவு. 2024-25 சீசனில் கால்கரியும் செயின்ட் லூயிஸும் ஆளுக்கு 96 புள்ளி. அந்தக் கட்டத்தில் செயின்ட் லூயிஸுக்கு 32, கால்கரிக்கு 31. அந்த ஒரே ஒரு வெற்றியால் கால்கரி வெளியே போனது. 96 புள்ளி எடுத்தும் பிளேஆஃப் இல்லை என்பது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். அதே வருடம் லீகின் கிழக்குப் பிரிவில் மான்ட்ரியல் 91 எடுத்தே உள்ளே வந்துவிட்டது.

கேள்வி: 2019-ல் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ் கோப்பையே வாங்கியதே, எங்களுக்கு நடக்காதா?

பதில்: அவர்கள் லீகிலேயே கடைசியாக இருந்தது ஜனவரி 3 அன்று. அப்போது அவர்களுக்கு 45 ஆட்டம் மிச்சம், உங்களுக்கு இருப்பது 22. அது மட்டுமில்லை, ஜனவரியில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற புது கோல்கீப்பர் வந்து, அந்த சீசனில் 24 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்து, வெறும் 5 ஆட்டங்களில்தான் 60 நிமிடத்துக்குள் தோற்றார். எழுந்து வரும் அணிகளில் நான் முதலில் பார்ப்பது கோல்கீப்பரைத்தான். உங்கள் கோல்கீப்பர் கடந்த பத்து ஆட்டமாக எப்படி இருக்கிறார், ஐந்துக்கு ஐந்து ஆடும்போது எதிரணியைவிட அதிக ஷாட் உங்கள் அணிதான் அடிக்கிறதா? இரண்டுக்கும் பதில் ஆமாம் என்றால் நம்பிக்கையை விடாதீர்கள். 2023-ல் ஃபுளோரிடா 92 புள்ளியோடு, பிட்ஸ்பர்க்கைவிட ஒரே ஒரு புள்ளி அதிகமாக எடுத்து நுழைந்து, 135 புள்ளி எடுத்திருந்த பாஸ்டனை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பி, இறுதிப் போட்டி வரை போனது.

கேள்வி: அப்படியானால் ட்ரேட் கெடுவுக்குள் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) ஆள் வாங்கலாமா, விற்கலாமா?

பதில்: விற்கலாம். ஜூலையில் ஒப்பந்தம் முடிகிற, திரும்பக் கையெழுத்துப் போடமாட்டார் என்று தெரிந்த ஆட்டக்காரரை மட்டும். முதல் சுற்று டிராஃப்ட் உரிமையை (புது இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) கொடுத்து மூன்று மாதத்துக்கு ஒருவரை வாங்குவது உங்கள் நிலைமையில் தப்பு.

கேள்வி: 33 வயது டிஃபன்ஸ்மேன் ஒருவருக்கு இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் இருக்கிறது. கோடையில் அவரைப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு பெரிய நட்சத்திரத்தை எடுக்க முடியாதா?

பதில்: முடியும், ஆனால் பாக்கிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஆறு வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அது சம்பள வரம்புக் கணக்கிலும் (ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சம்) அத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும். வரம்பே வேகமாக ஏறுகிற நேரம் இது: 2024-25-ல் 8.8 கோடி டாலர், 2025-26-ல் 9.55 கோடி, 2026-27-க்கு 10.4 கோடி. எல்லோர் கையிலும் பணம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தவர்கள் வரும் ஜூலை 1 சந்தையில் நல்ல ஆட்கள் குறைவு, ஆகவே சுமாரானவர்களுக்கே அதிக விலை.

என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது உங்கள் இளம் ஆட்டக்காரர்களைப் பற்றி. 2024 ஆகஸ்டில் எட்மன்டன் வரம்பில் இடம் இல்லாமல் திணறிக்கொண்டிருந்தபோது, செயின்ட் லூயிஸ் அவர்களுடைய ஃபிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும் ஆஃபர் ஷீட் கொடுத்தது, அதாவது ஒப்பந்தம் முடிந்த வேறு அணியின் இளம் ஆட்டக்காரருக்கு நேரடியாகச் சம்பளம் பேசுவது. ஏழு நாளுக்குள் அதே சம்பளத்தைத் தர எட்மன்டன் முன்வரவில்லை. இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்று, மூன்றாம் சுற்று உரிமை ஒன்று, இதுதான் இருவருக்காகவும் செயின்ட் லூயிஸ் விதிப்படி கொடுத்த இழப்பீடு. அடுத்த சீசனில் ஹாலோவே 26 கோல் அடித்தார். மேலே சொன்னேனே, கால்கரியை ஒரு வெற்றியில் முந்திய அணி, அது இதே செயின்ட் லூயிஸ்தான். எட்மன்டன் 2025-ல் இறுதிப் போட்டிக்குப் போனது உண்மை, ஆனாலும் அந்த இருவரை விட்டது இழப்புதான். உங்கள் அணியில் 22, 23 வயதில் யாருக்காவது இந்த ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது என்றால், வெளியாள் யாரையும் தேடுவதற்கு முன்னால் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.