ஓவியத்துக்கு விஷயம் தேட ஊர் சுற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஓவியம் வரைய உந்துதல் பயணத்தில்தான் கிடைக்குமா, அன்றாட வாழ்க்கையே போதுமா? நீங்கள் எங்கே தேடுகிறீர்கள்?

கேட்டவர் யாரென்று தெரியாது. ஆனால் கேள்வியின் தோரணையைப் பார்த்தால் சென்னையிலோ பெங்களூரிலோ அலுவலக வேலை, சனி ஞாயிறு மட்டும் தூரிகையைத் தொடுகிறவர், மற்றவர்கள் போடுகிற லடாக் படங்களைப் பார்த்துவிட்டு நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று மனசு சுணங்கிக் கேட்டிருக்கிறார் என்று படுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், அப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ரங்கூன்காரன். யாங்கூன் என்று எழுத வேண்டும், தெரியும், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1871ல் எங்கள் ஆட்கள் கட்டிய காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். ஸ்காட் மார்க்கெட்டில் (அதுதான் இப்போது போஜோக் ஆங் சான் மார்க்கெட்) ஒரு கடைக்குப் படம் வரைந்து கொடுத்துத்தான் இத்தனை வருஷம் அடுப்பு எரிந்தது. என்ன படம் என்றால், பொங்கிகள்தான், அதாவது புத்தத் துறவிகள். மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நமக்கு முதுகு காட்டி வரிசையாகப் போவார்களே, அந்தப் படம். ரங்கூனுக்கு வந்த சுற்றுலாக்காரர் யாரும் அதைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. "இதில் கலை எங்கே இருக்கிறது" என்று கேட்கக் கை பரபரக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் கலை என்று சொல்லவில்லை, வேலை என்று சொல்கிறேன். முதுகைக் காட்டுவதற்கும் தத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது, முகம் வரைந்தால் நேரம் கூடும், விலை கூட்டிக் கேட்க வேண்டும், வாங்குகிறவர் தரமாட்டார். ஆனால் நனைந்த தார் ரோட்டில் அவர்கள் ஆடையின் அரக்குச் சிவப்பு எப்படி நீண்டு கலங்கி விழும் என்பதை ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பாடம் எனக்குப் பயணத்தில் கிடைத்ததில்லை, கடைக்காரர் "இன்னும் ஆறு வேணும்" என்று சொன்னதில் கிடைத்தது.

சரி, அன்றாடம் என்கிறீர்களே, அது எப்படி என்றால், எங்களுக்கு ஒரு வட்ட ரயில் இருக்கிறது. நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய 46 கிலோமீட்டர், முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் நேர்கோடு வராது, அதனால் உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் வரைய முடியும், அதுவும் அவர்கள் தூங்கினால் நல்லது. காய்கறிச் சந்தை இருக்கிற டான்யிங்கோன் ஸ்டேஷன் வந்தால் கீரைக்கட்டும் முள்ளங்கியும் மூட்டை மூட்டையாக ஜன்னல் வழியாக ஏறும், கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசிய பெண்கள் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். தனக்காவை வெள்ளையில் வைத்தால் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அது மஞ்சள் ஓடிய சாம்பல், அதுவும் வேர்வை பட்ட இடத்தில் தோல் நிறம் தெரியும். இதைப் பார்க்கக் காசு செலவழித்து எங்கேயும் போக வேண்டியதில்லை, எதிர் இருக்கை போதும்.

ஒரு சின்ன நோட்டு, 4பி பென்சில், அவ்வளவுதான் கொண்டுபோவேன். நிறத்தைப் பக்கத்தில் எழுத்தில் குறித்துக்கொள்வேன்: கருவாட்டுப் பழுப்பு, வெந்நீரில் போட்ட கீரைப் பச்சை, துருப்பிடித்த தகரத்தில் காலை வெயில். டியூபில் ஒட்டியிருக்கும் பெயரை எழுதினால் வீட்டுக்கு வந்ததும் கை அந்த டியூபுக்கே போய்விடும். போனில் படம் எடுத்துக்கொண்டால் ஆகாதா என்பீர்கள். எடுங்கள், நானும் எடுக்கிறேன், ஜன்னல் சட்டம் எத்தனை என்று எண்ண உதவும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் போன் நிழலை எல்லாம் கருப்பாக்கி வானத்தை வெறும் வெள்ளையாக்கிவிடும், நிழலுக்குள் இருக்கும் நிறம் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பயணமே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு சந்து. ரங்கூன் நடுவூரில் இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கு நடுவே இப்படிச் சந்துகள் ஓடும், குழாயும் குப்பையும் பூனையும்தான் அங்கே. மே மாதம் மழை பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடாது, அந்த மழையில் எதிர்ச்சுவர் முழுக்கப் பாசி ஏறி, பிளவில் அரசங்கன்று முளைத்து, மேலே உதிர்ந்த நீலச் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அந்தச் சுவர் வேண்டும். எண்ணெய் வர்ணத்தில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன். சாப் கிரீன் என்ற இலைப்பச்சையை வைத்தால் தோட்டம் மாதிரி இருக்கும், விரிடியன் என்ற நீலம் ஓடிய பச்சையை வைத்தால் மருந்துக்கடை மாதிரி இருக்கும், அதில் கருப்பைக் கலந்தால் செத்துப்போகும். பாசியின் பச்சை பச்சையே இல்லை, அதுதான் சிக்கல். அந்தச் சுவரை விட்டுவிடவும் முடியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு ஓட்டல்காரர் வரவேற்பறைக்குப் பாகான் (பழைய தலைநகரம், கோயில்கள் நிறைந்த ஊர்) கோபுரங்கள் சூரியாஸ்தமனத்தோடு வேண்டும் என்றார், பஸ் செலவும் கொடுத்தார், போனேன். அஸ்தமனம் அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை வரைந்தும் கொடுத்தேன், பணமும் வந்தது. ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு இடத்தில். மியின்கபா கிராமத்தில் குபியாவுக்ஜி என்று ஒரு கோயில், 1113ல் ராஜகுமாரன் என்ற இளவரசன் கட்டியது. ஜன்னலெல்லாம் துளையிட்ட கல், உள்ளே அரையிருட்டு, படம் எடுக்கக் கூடாது, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். சுவர் முழுக்க ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள், கட்டம் கட்டமாக, கீழே மோன் என்ற பழைய இனத்தாரின் எழுத்தில் குறிப்பு. காய்ந்த சாந்தின் மேல் வரைந்தவை. ஒன்பது நூற்றாண்டு தாண்டி நிற்கிற அந்த ஓவியங்களில் நிறம் எத்தனை என்று பார்த்தால் சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளை, அங்கங்கே கொஞ்சம் பச்சை, முடிந்தது. எல்லாரும் புத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் டார்ச்சை மூலையில் அடித்து, கருப்பும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் உரசுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளிக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

திரும்பி வந்து பலகையில் நாலே நிறம் பிதுக்கினேன்: லைட் ரெட் (செம்மண் சிவப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஐவரி பிளாக் (கருப்பு), வெள்ளை. ஐவரி பிளாக்கில் நீல ஓட்டம் உண்டு, அதில் ஆக்கரைச் சேர்த்தால் மங்கலான பச்சை வரும். படித்தவர்கள் சிரிப்பீர்கள், இது ஓவியப் பள்ளியில் முதல் வருஷமே சொல்லித்தருவது என்று. இருக்கலாம், நான் பள்ளிக்குப் போனவன் இல்லை. அந்தப் பச்சைதான் என் சுவர். பக்கத்தில் கருப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பலை வைத்தால் அதுவே உதிர்ந்த நீலச் சாயமாகத் தெரிந்தது, நீல டியூபைத் திறக்கவே இல்லை.

ஆக, சந்துக்குள் ஒரு சிக்கல் காத்திருந்ததால்தான் பாகான் எனக்கு எதையோ கொடுத்தது. வெறுங்கையோடு போயிருந்தால் நானும் அஸ்தமனத்தைத்தான் கொண்டுவந்திருப்பேன். உந்துதல் உந்துதல் என்று எல்லாரும் சொல்கிறார்களே, எனக்கு அது ஒரு நிறம் வரமாட்டேன் என்கிற எரிச்சலாகத்தான் வருகிறது.

பாகான் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும். அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டினத்து வியாபாரி ஒருவர், குலசேகர நம்பி என்று பெயர், பாகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கும் வைத்தார் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே இங்கே தமிழில் கல் வெட்டியிருக்கிறார்கள். இப்போது நான் தமிழில் நாலு வரி எழுதிப் படம் போட்டால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற முதல் கேள்வி, "பர்மாவிலிருந்து எப்போது திரும்பி வந்தீர்கள் சார்?" நான் எங்கேயும் திரும்பி வரவில்லை சார். 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள், வாஸ்தவம், என் பெரியப்பா குடும்பமும் போனது. எங்கள் அப்பா போகவில்லை. ரங்கூனில், மௌல்மீனில், தட்டோனில் இன்றைக்கும் தமிழில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறோம். இரண்டாவது கேள்வி, "அத்தோ நல்லா இருக்குமா அங்கே?" சென்னை பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் விற்கிற அந்த நூடுல்ஸை இங்கே வந்து தேடாதீர்கள். இங்கே நாங்கள் காலையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) சாப்பிடுகிறவர்கள். படத்தைப் பற்றி ஒருவராவது கேளுங்களேன்.

போகட்டும். இப்போதைய நிலைமையில் எங்கள் நாட்டுக்குள் ஊர் ஊராகப் போவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, செய்தி படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் பழைய நோட்டுகளைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் மாண்டலே பக்கம் ஐராவதி ஆற்றின் மேல் 1934ல் கட்டிய ஆவா பாலத்தின் படம் ஒன்று இருக்கிறது, பஸ் நின்ற நேரத்தில் அவசரமாகக் கிறுக்கியது, முக்கால்வாசி பாலம் கூட இல்லை, முன்னால் வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண்தான் பெரிதாக இருக்கிறாள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அந்தப் பாலம் விழுந்துவிட்டது. இப்போது இரண்டு பேர் அந்தப் பக்கத்தை விலைக்குக் கேட்கிறார்கள், பெண்ணை எடுத்துவிட்டுப் பாலத்தை மட்டும் பெரிதாக வரைந்து தர முடியுமா என்கிறார்கள். முடியாது என்று சொல்லவில்லை, முன்பணம் கேட்டிருக்கிறேன்.

"பெரிய ஓவியர்கள் எல்லாம் வெளிநாடு போனவர்கள்தானே" என்று யாராவது வருவீர்கள். எங்கள் ஊ பா ஞான் (1897-1945) 1920களில் லண்டனில் படித்தவர்தான், பர்மாவில் எண்ணெய் ஓவியத்துக்கு வழி போட்டவரும் அவர்தான். ஆனால் அவர் அங்கே கற்றுக்கொண்டு வந்தது கைவேலை. திரும்பி வந்து எங்கள் ஆற்றையும் எங்கள் வெயிலையும்தான் வரைந்தார்.

கேட்டவருக்கு உருப்படியாக ஒன்று: லடாக்குக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் வரைய முடியாமல் தோற்கடிக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள். எவர்சில்வர் குடம், ஈரத் துண்டு, பால்கனியில் பக்கத்து வீட்டுச் சுவர், எதுவாக இருந்தாலும் சரி. பச்சை டியூபை அலமாரியில் வைத்துவிட்டு மேலே சொன்ன நாலு நிறத்தோடு அதோடு மல்லுக்கட்டுங்கள். அப்புறம் லடாக் போனாலும் தப்பில்லை. உங்கள் ஊரிலும் மழைக்காலம் ஈரம் என்றால் நோட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள், தாளில் பூஞ்சை பிடித்தால் வெளியே தெரியாது, வர்ணம் வைத்ததும் அந்த இடம் மட்டும் உறிஞ்சிக் கரும்புள்ளியாகும், அதற்கு மருந்தே கிடையாது.