1948-ல் கட்டிய வண்டி 1954-க்குப் பொருந்தாதா?

வாசகர் கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். பேஸ்மென்ட்டில் எச்.ஓ. அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் லேஅவுட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பென்சில்வேனியா ரயில்ரோடு, அல்டூனா பக்கம், 1954 இலையுதிர் காலம். ஒரு ரயில் கண்காட்சியில் பழைய சரக்கு வண்டிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மலிவாகக் கிடைத்தன. மஞ்சள் நிற ‘ரெயில்பாக்ஸ்’, பீர் விளம்பரம் எழுதிய மர ரீஃபர் (குளிர்சாதன வண்டி), சான்டா ஃபே ரயில்வேயின் பாக்ஸ்கார் (கூரை போட்டு மூடிய வண்டி), சில நிலக்கரி ஹாப்பர்கள் (அடிவழியாகக் கொட்டும் திறந்த வண்டிகள்). சான்டா ஃபே வண்டியில் 1948 என்று இருக்கிறது. அப்படியானால் அது சரிதானே? மற்றவற்றை எப்படிப் பிரிப்பது?

பதில்: வருஷத்தோடு பருவத்தையும் முடிவு செய்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ‘ஐம்பதுகள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாங்க ஆரம்பிப்பவர்கள்தான் பிறகு அலமாரி நிறைய வண்டிகளோடு முழிப்பார்கள்.

முதலில் அந்த 1948. வண்டியின் பக்கவாட்டில், எடை விவரங்களை ஒட்டி, பொடி எழுத்தில் ‘பி.எல்.டி. 5-48’ என்பதுபோல் இருக்கும். 1948 மே மாதம் கட்டியது என்று பொருள். உங்கள் 1954-க்கு அது தாராளமாகப் பொருந்தும் என்றுதான் தோன்றும். நானும் ஒருமுறை அப்படி நம்பி ஏமாந்திருக்கிறேன். அசல் வண்டிகள் முப்பது, நாற்பது வருஷம் ஓடும். நடுவில் பெயின்ட் மாறும், பாகம் மாறும், கட்டிய தேதி மட்டும் அப்படியே இருக்கும். அதனால் பி.எல்.டி. தேதியோடு நின்றுவிடாமல், அந்த வண்டியில் ஆகப் புதிதாக இருப்பது எது என்று தேடுங்கள். அதன் காலம்தான் வண்டியின் காலம்.

சான்டா ஃபே வண்டியைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். கூரையின் நடுவே நீளவாக்கில் ஒரு நடைபாதை இருக்கிறதா? அந்தக் காலத்தில் பிரேக்மேன் ஓடும் ரயிலின் கூரைமேல் நடந்து போய்க் கைபிரேக்கைச் சுற்றுவார். அவருக்காகப் போட்ட பாதை அது. 1966-லிருந்து புது பாக்ஸ்கார்களுக்கு அது வேண்டாம் என்றானது; பழையவற்றிலும் அடுத்த சில வருஷங்களில் படிப்படியாகக் கழற்றினார்கள், ஏணிகளையும் குட்டையாக்கினார்கள். ஆகவே கூரை மொட்டையாக இருந்தால், 1948 என்று எழுதியிருந்தாலும் அது அறுபதுகளின் கடைசியிலோ எழுபதுகளிலோ ஓடிய உருவம். இப்போது பக்கவாட்டின் கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். வெள்ளைக் கோடு போட்ட சின்னக் கறுப்புக் கட்டம் இருந்தால் அது எழுபதுகளில் வந்த பராமரிப்புக் குறிப்பு. பல வண்ணக் கோடுகள் அடுக்கிய பட்டை இருந்தால் அது 1967-க்குப் பிறகு ஒட்டிய அடையாளக் குறி. பத்து வருஷத்தில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் பொட்டு என்றால் 1978. இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ரெயில்பாக்ஸுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை, அந்த நிறுவனமே 1974-ல்தான் பிறந்தது. பெட்டியில் பின்னால் உருவான ரயில்வேக்களான பென் சென்ட்ரல் (1968), கான்ரெயில் (1976) பெயர்கள் தட்டுப்பட்டாலும் அதே கதைதான்.

பீர் ரீஃபர் எதிர்ப்பக்கம் இடறுகிறது. அதற்கு வயது அதிகம். சுவர் முழுக்க விளம்பரம் எழுதிய ரீஃபர்களுக்கு 1934-ல் அரசின் வணிக ஆணையம் கட்டுப்பாடு போட்டது. முப்பதுகள் முடிவதற்குள் அவை மறைந்துவிட்டன. பொம்மைக் கம்பெனிகளுக்கு மட்டும் அவை மேல் தீராத காதல்! ஆனால் விளம்பரம் இல்லாத ரீஃபரை மர உடம்பு என்பதற்காக ஒதுக்க வேண்டாம்: ஐஸ் போட்டு ஓட்டிய மர ரீஃபர்கள் 1954-லும் ஏராளம். சக்கரங்களைத் தாங்கும் ட்ரக்கைக் கவனியுங்கள். தட்டையான இரும்புப் பட்டைகளை வளைத்து போல்ட் போட்ட ‘ஆர்ச் பார்’ வகை என்றால், நாற்பதுகளின் தொடக்கத்தோடு மற்ற ரயில்வேக்களின் தண்டவாளத்தில் ஓட அதற்கு அனுமதி போய்விட்டது. வார்ப்பு எஃகு ட்ரக்காக மாற்றுங்கள், இரண்டு ஸ்க்ரூ வேலைதான். அச்சின் முனையில் மூடி போட்ட எண்ணெய்ப் பெட்டி தெரிய வேண்டும். வெளியே தெரிகிற உருளை பேரிங் அந்த வருஷத்துச் சரக்கு வண்டிகளில் அபூர்வம்.

சரி, தனித்தனியாக எல்லா வண்டியும் தேறினாலும் சேர்த்து நிறுத்தினால் ரயில் பொய்யாகத் தெரியலாம். ஹாப்பரும் பாக்ஸ்காரும் ஊர் சுற்றும் விதம் வேறு. நிலக்கரி ஹாப்பர் சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே போய்வரும். அதனால் அல்டூனா பக்கம் பென்சில்வேனியாவின் எச்21 வகை நாலு பங்கு இருந்தால் மற்றவருடையது ஒரு பங்கு போதும். பாக்ஸ்கார் அப்படியில்லை. இறக்கிய இடத்தில் கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கத் திரியும். பத்து பாக்ஸ்காரில் நான்கு பென்சில்வேனியா, அதில் இரண்டு குள்ளமான எக்ஸ்29 வகை, மீதி ஆறில் நியூயார்க் சென்ட்ரல், சதர்ன், மில்வாக்கி, சான்டா ஃபே என்று கலந்துவிடுவது என் வழக்கம். வண்டி கட்டும் கம்பெனியான புல்மன் ஸ்டாண்டர்டின் பி.எஸ்.-1 வகை பாக்ஸ்கார் 1947-ல் வந்தது, அதை வாங்கிய ரயில்வேக்களின் பெயரில் ஒன்றிரண்டு சேர்க்கலாம். பென்சில்வேனியாவின் சின்னம் கீஸ்டோன், அதாவது கல் வளைவின் உச்சிக்கல் வடிவம்; அதில் நிழல் விழுந்த வகை 1954-ல் வந்த புதுசு. அதில் ஒரே ஒரு வண்டி போதும், அதையும் அழுக்கில்லாமல் பளிச்சென்று விடுங்கள். மற்றவற்றுக்கு வட்டத்துக்குள் கீஸ்டோன் இருக்கும் பழைய சின்னமும் நிறையப் புகைக்கரியும்.

அப்புறம் ரயிலின் கடைசி வண்டி. மற்றவர்கள் கபூஸ் என்பதைப் பென்சில்வேனியாக்காரர்கள் கேபின் கார் என்பார்கள். 1942-ல் வந்த என்5சி வகைக்குக் கப்பல் போல வட்ட ஜன்னல்கள். கூரையில் நீளவாக்கில் ஓடும் குழாய் மாதிரியான ஆன்டெனா இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜினோடு பேச அவர்கள் வைத்திருந்த ‘ட்ரெயின்போன்’ அது. 1954 அல்டூனாவில் அது இல்லாமல் கேபின் கார் போனால் எனக்குக் கண்ணை உறுத்தும்.