கணினிக் கேள்வி பதில்: பென்டிரைவில் ஸ்வாப் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பழைய பொது மண்டபத்தில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். நன்கொடையாக வந்த எட்டு மடிக்கணினிகளிலும் 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி உள்சேமிப்பும் மட்டுமே உள்ளன. விண்டோஸ் மிகவும் தடுமாறியதால் லினக்ஸ் மின்ட் நிறுவினோம். உதவிக்கு வந்த ஒரு தம்பி, ஒவ்வொரு கணினியிலும் 16 ஜிபி பென்டிரைவைச் செருகி, அதையே ஸ்வாப்பாக (நினைவகம் நிரம்பும்போது பயன்படும் மாற்றிடமாக) அமைத்து, "இனி உங்களிடம் 18 ஜிபி நினைவகம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கணினிகள் முன்பைவிட அதிகமாக உறைந்து நிற்கின்றன. ஒரு பிள்ளை பென்டிரைவைப் பிடுங்கியபோது திறந்திருந்த செயலிகளெல்லாம் மூடிக்கொண்டன. பென்டிரைவ் இல்லாமல் இயக்கினால் தொடங்குவதற்கே ஒன்றரை நிமிடம் பிடிக்கிறது. இரண்டு பென்டிரைவ்களில் எதையுமே எழுத முடியவில்லை. தரமான பென்டிரைவ் வாங்கினால் சரியாகுமா, ஐயா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சரியாகாது, அம்மா. தரமான பென்டிரைவ் இதே தொல்லைகளைச் சற்றுத் தாமதமாகத் தரும்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் ரெடிபூஸ்ட் என்றொரு வசதி வந்தது. பென்டிரைவைச் செருகினால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கை பலருக்கு அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் ரெடிபூஸ்ட் பென்டிரைவில் வைத்தது வெறும் நகலை மட்டுமே. மூலத்தரவு எப்போதும் வன்தட்டில் இருந்ததால், பென்டிரைவைத் திடீரெனப் பிடுங்கினாலும் எதுவும் கெடாது. லினக்ஸின் ஸ்வாப் அப்படிப்பட்டதன்று. நினைவகத்தில் இடம் போதாதபோது, சிறிது நேரமாகத் தொடப்படாத பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) லினக்ஸ் ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டு, அவை இருந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பக்கங்களுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. பென்டிரைவைப் பிடுங்கிய பிறகு ஒரு செயலி தன்னுடைய பக்கத்தைத் திரும்பக் கேட்டால், கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அந்தச் செயலியையே நிறுத்திவிடுகிறது. உங்கள் வகுப்பில் நடந்தது இதுதான். பிள்ளையின் மீது தவறில்லை.

வேகம் குறைந்ததற்குக் காரணம் பென்டிரைவின் உள்ளமைப்பில் இருக்கிறது. ஸ்வாப்புக்குப் போகும் பக்கம் ஒன்றின் அளவு வழக்கமான கணினிகளில் 4 கிலோபைட். பென்டிரைவில் உள்ள நேண்ட் ஃபிளாஷ் சில்லோ, ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுத முடியாதது. முதலில் அழிக்க வேண்டும், அதையும் நூற்றுக்கணக்கான கிலோபைட்டோ சில மெகாபைட்டோ கொண்ட முழுத் தொகுதியாகத்தான் அழிக்க முடியும். செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) ஓர் ஆளின் பெயரைத் திருத்த வேண்டுமென்றால் ஏடு முழுவதையும் புதிதாக எழுதியாக வேண்டிய கிராணியாரின் (தோட்டத்து எழுத்தரின்) நிலைதான் அதற்கு. படங்களையும் ஒளிப்பதிவுகளையும் வரிசையாக எழுதும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்வாப் எழுதும் சின்னஞ்சிறு துண்டுகளில், பல மலிவான பென்டிரைவ்கள் பழைய சுழலும் வன்தட்டைவிடவும் மெதுவாகிவிடுகின்றன. உறையில் அச்சிட்டிருக்கும் வேகம் வரிசையாகப் படிக்கும் வேகமே தவிர, இதற்கு உரியதன்று.

எழுத முடியாமற்போன இரண்டு பென்டிரைவ்களின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஃபிளாஷ் சில்லின் ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுதுவதைத் தாங்கும். தேய்மானத்தைச் சில்லு முழுவதும் பரப்பும் வேலையை எஸ்எஸ்டி (ஃபிளாஷ் சில்லாலான வட்டு) கட்டுப்படுத்திகள் திறமையாகச் செய்கின்றன. மலிவான பென்டிரைவ்களில் அந்தத் திறமை மிகக் குறைவு. மாற்று இடமும் தீர்ந்துபோனால், பல கட்டுப்படுத்திகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிப்பதற்கு மட்டும் அனுமதிக்கும். 2 ஜிபி நினைவகத்தில் இன்றைய உலாவியை இயக்கினால் ஸ்வாப்பில் எழுத்து ஓயாமல் நடக்கும். பென்டிரைவ் அதைத் தாங்காது.

இனி செய்ய வேண்டியது. எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு, ஸ்வாப்-ஆஃப் (swapoff) கட்டளையால் பென்டிரைவில் உள்ள ஸ்வாப்பை நிறுத்துங்கள். அங்கே இருக்கும் பக்கங்கள் அனைத்தும் நினைவகத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டே முயன்றால் இடமில்லை என்று கட்டளை மறுக்கக்கூடும். அடுத்து, கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பைத் திறந்து, பென்டிரைவைக் குறிக்கும் வரியை நீக்குங்கள். அந்த வரி இருக்கும்வரை, இல்லாத கருவி வந்து சேரும் என்று கணினி 90 விநாடிகள் காத்திருக்கும். நீங்கள் சொல்லும் ஒன்றரை நிமிடம் அதுதான். இவ்விரண்டும் முடிந்த பிறகே பென்டிரைவைக் கழற்றுங்கள்.

பென்டிரைவுக்குப் பதிலாக நான் சொல்வது இசட்ரேம் (zram). 2014இல் வந்த லினக்ஸ் 3.14 முதல் கர்னலிலேயே இருக்கும் இந்த வசதி, நினைவகத்தின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக மாற்றி, அங்கு வரும் பக்கங்களைச் சுருக்கி வைக்கிறது. உலாவியின் பக்கங்கள் பெரும்பாலும் பாதியளவுக்கோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். கணினியின் மையச் செயலகத்துக்குச் (சிபியு) சிறிது கூடுதல் வேலை உண்டு. ஆனால் பென்டிரைவுக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அல்ல. 2020இல் வெளியான ஃபெடோரா 33 என்னும் லினக்ஸ் பதிப்பு இதை இயல்பிலேயே இயக்கிவிட்டது. மின்ட்டில் இசட்ரேம்-டூல்ஸ் (zram-tools) என்னும் தொகுப்பை மென்பொருள் மேலாளர் வழியாக நிறுவுங்கள். அதன் அமைப்புக் கோப்பில், இசட்ரேமின் அளவை முதலில் நினைவகத்தில் பாதி என்று வைத்துப் பாருங்கள். கர்னல் 5.8 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்பதைக் குறிக்கும், வழக்கமாக 60 என்றிருக்கும் ஸ்வாப்பினஸ் அளவை 100க்கு மேலும் உயர்த்திப் பார்க்கலாம். பழைய அறிவுரைகளில் காணப்படும் "10க்குக் குறையுங்கள்" என்பது மெதுவான வட்டுகளை மனத்தில் வைத்துச் சொன்னது.

உள்சேமிப்பில் ஏற்கெனவே ஒரு ஸ்வாப் கோப்பு இருக்க வாய்ப்பு உண்டு. உபுண்டு 17.04 தொட்டு, ஸ்வாப்பை வட்டின் தனிப்பகிர்வாக வைப்பதற்குப் பதிலாகக் கோப்பாக வைப்பதே இயல்பாயிற்று. மின்ட் அதை அடித்தளமாகக் கொண்டது. அந்தக் கோப்பை நீக்க வேண்டாம். ஆனால் உங்கள் உள்சேமிப்பும் ஃபிளாஷ் வகையைச் சேர்ந்ததே என்பதால், முன்னுரிமை எண் இசட்ரேமுக்கு உயர்வாகவும் கோப்புக்குத் தாழ்வாகவும் இருக்கட்டும். உயர்ந்த எண் உடையதே முதலில் நிரம்பும். கோப்பு அவசரத்துக்கு மட்டும் பயன்படும்.

இத்தனையும் செய்தாலும் 2 ஜிபி கணினி 2 ஜிபி கணினிதான். உலாவியில் நான்கைந்து தத்தல்களுக்கு (டேப்) மேல் திறக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கழற்றிய பென்டிரைவ்களைக் கண்ட இடத்தில் போட்டுவிடவும் வேண்டாம். மறையாக்கம் செய்யாத ஸ்வாப்பில் கடவுச்சொற்களும் பிள்ளைகளின் விவரங்களும் அப்படியே தங்கியிருக்கலாம். விரைவு ஃபார்மெட் அவற்றை அழிப்பதில்லை. நல்ல நிலையில் உள்ளவற்றை முழுவதும் பூச்சியங்களால் நிரப்பிய பிறகு பயன்படுத்துங்கள். எழுத மறுக்கும் இரண்டையும் உடைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: கோவில் திருவிழா ஒளிப்பதிவுகளை உபுண்டுவிலிருந்து பென்டிரைவுக்கு நகலெடுக்கும்போது, சில விநாடிகளில் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. எடுத்துச் சென்று பார்த்தால் கோப்பு பாதியில் நின்றுபோகிறது. 5 ஜிபி கோப்பு ஒன்று ஏறவே மறுக்கிறது.
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: திரையில் முடிந்தது என்று காட்டுவது, கோப்பு நினைவகத்தில் உள்ள இடைத்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை மட்டுமே. அங்கிருந்து பென்டிரைவுக்கு எழுதுவதை லினக்ஸ் பின்னணியில் செய்கிறது. இயல்பான அமைப்பில், கிடைக்கும் நினைவகத்தில் 20 விழுக்காடு வரை எழுதாமல் தேக்கி வைக்க அனுமதி உண்டு. 8 ஜிபி கணினியில் அது ஒரு கிகாபைட்டைத் தாண்டலாம். விநாடிக்கு 5 மெகாபைட் எழுதும் பென்டிரைவுக்கு ஒரு கிகாபைட்டை எழுதி முடிக்க மூன்று நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே கோப்பு மேலாளரில் வெளியேற்று என்பதை அழுத்தி, இனி எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள். முனையத்தில் வேலை செய்பவராக இருந்தால் சிங்க் (sync) கட்டளை கொடுத்து, அது முடிந்து திரும்பிய பிறகு அன்மவுன்ட் (umount) கட்டளையால் பென்டிரைவை விடுவிக்கலாம். பிற்பகல் இடிமழையில் அடிக்கடி மின்சாரம் துண்டிக்கப்படும் இடத்தில், மின்கலம் பழுதான மடிக்கணினியில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பது நலம்.

5 ஜிபி கோப்பு ஏறாததற்குக் காரணம் பென்டிரைவில் உள்ள ஃபேட்32 என்னும் கோப்பு முறைமை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. பென்டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். 2019இல் வந்த லினக்ஸ் 5.4 முதல் கர்னலே அதைப் புரிந்துகொள்கிறது.

கேள்வி: இரவுச் சந்தையில் 2 டிபி பென்டிரைவ் 20 வெள்ளிக்குக் கிடைத்தது. நம்பலாமா?
– மற்றொரு வாசகர், அதே ஊர்

பதில்: நம்ப வேண்டாம். உள்ளே சிறிய சில்லை வைத்துவிட்டு, பெரிய கொள்ளளவைக் கணினிக்குப் பொய்யாகச் சொல்லும் பென்டிரைவ்கள் நிறைய உலவுகின்றன. உண்மையான அளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குமேல் எழுதுபவை தொலைந்துபோகும், அல்லது பழைய கோப்புகளின் மேல் விழும். எஃப்3 என்னும் இலவசக் கருவி பென்டிரைவை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். பெயரளவில் 2 டிபி என்பதால் முழுச் சோதனைக்கு நாட்கணக்கில் ஆகலாம். ஆனால் முதல் 100 ஜிபியை மட்டும் எழுதிப் படித்தாலே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.