அக்குபங்சர் டிப்ளமோ முடித்தவர் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஓராண்டு அக்குபங்சர் டிப்ளமோ முடித்திருக்கிறேன். வீட்டின் முன்னறையில் கிளினிக் தொடங்கலாம் என்று இருக்கிறேன். டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள் படித்த இடத்தில். போடலாமா? லைசென்ஸ் எங்கே வாங்குவது?”

டாக்டர் என்று போடாதீர்கள் சகோதரி. போர்டில் மட்டுமில்லை, விசிட்டிங் கார்டு, லெட்டர் பேடு, வாட்ஸ்அப் பெயர் எதிலும் வேண்டாம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் போட்ட உத்தரவில், உடலில் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டு, பதிவு பெற்ற மருத்துவர்களோ முறையாகப் பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. ‘டாக்டர்’ என்ற பட்டத்தை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்கள்தான் பயன்படுத்த வேண்டும், அதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அக்குபங்சருக்குத் தனி சிகிச்சை முறை என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதைக் காட்டித்தான் பல இடங்களில் “இனி நாமும் டாக்டர்” என்று சொல்லி சேர்க்கை நடத்துகிறார்கள். முறைக்கு அங்கீகாரம் கிடைத்தால் ஓராண்டு படித்தவர் மருத்துவராகிவிடுவாரா என்ன?

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் அக்குபங்சருக்கென்றே தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படிப் பதிவு செய்து லைசென்ஸ் கொடுக்கும் அரசு கவுன்சில் எதுவும் இல்லை, அதனால் ஏதாவது ஒரு சங்கம் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் ‘ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’ வெறும் உறுப்பினர் அட்டைதான். அதை அரசுப் பதிவு மாதிரி போர்டில் எழுதினால் வருகிறவர்களை ஏமாற்றுவதாகும். பணம் கட்டி வாங்கும் ‘கௌரவ டாக்டர்’ பட்டத்துக்கும் இதே பதில்தான். சித்தா, ஹோமியோபதி, இயற்கை மருத்துவம் போன்றவற்றில் பட்டம் பெற்று கவுன்சிலில் பதிவு செய்தவர் அக்குபங்சரும் செய்கிறார் என்றால் அவர் டாக்டர் என்று போடுவது அந்தப் பதிவை வைத்து.

‘அக்குபங்சர் சிகிச்சையாளர்’ என்று போடுங்கள், கீழே நீங்கள் படித்ததை உள்ளபடி எழுதுங்கள். போதும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. சர்க்கரைக்காரரிடம் “இன்சுலினை நிறுத்துங்கள், அக்குபங்சர் ஊசியே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்கிற பழக்கம் நம்மூரில் பரவிக் கிடக்கிறது. 2024-ல் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்துபோனார்கள், அந்த வழக்கில் கணவரோடு அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதானார். பிரசவத்தைத் தொடாதீர்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், நீங்களாக ஆங்கில மருந்து எழுதித் தராதீர்கள். பதிவில்லாமல் அலோபதி பார்ப்பவருக்கு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

அப்புறம் ஊசி. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது, பிரித்த ஊசி அன்றோடு சரி. எடுத்ததும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும், குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவுத் தொழிலாளியின் கையைத்தான் குத்தும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத சின்ன கிளினிக்குக்கும் பொருந்தும், ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி வாங்கி, கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகு கிளினிக்கைத் திறவுங்கள்.